கதவைத் திறந்தால் எரிய வேண்டிய லைட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்குள் மேலே இருக்கும் அந்தச் சின்ன லைட்டை அணைத்தது நான்தான். பிறகு அது நிஜமாகவே கெட்டுப்போனது வேறு கதை. இடையில் நான் சொன்ன பொய் இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்குக் காது கேட்காது. நான் பிறப்பதற்கு முன்பே, அவளுடைய நாலாவது வயதில், ஒரு காய்ச்சல் வந்து கேட்பதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலத்தில் சிதம்பரத்தில் அவளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் வீட்டிலேயே ஒரு பாஷை உண்டானது. அம்மாவும் அக்காவும் ஆரம்பித்தார்கள், பின்னால் நானும் சேர்ந்துகொண்டேன். முந்தானையை இடுப்பில் செருகுவது போலக் காட்டினால் அம்மா. உள்ளங்கையை அலை மாதிரி ஆட்டினால் கடலூர். புறங்கையால் மூக்கைத் துடைத்தால் நான். எனக்கு ஐம்பது வயது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன், தலை நரைத்துவிட்டது. இன்னும் அக்காவிடம் என் பெயர் மூக்கொழுகிதான்.

பொய்க்கும் ஒரு சைகை உண்டு. காதுக்குப் பின்னால் ஒரு விரலால் சொறிவது. சின்ன வயதில் பொய் சொல்லும்போதெல்லாம் நான் அங்கே சொறிவேனாம். அக்கா அதைக் கண்டுபிடித்து பாஷையில் சேர்த்துவிட்டாள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பாஷை தெரிந்தவர்கள் உலகத்தில் இப்போது இரண்டே பேர். அதில் ஒருவனுக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ராத்திரி விளக்கை அணைக்கும் முன் அக்காவின் தோளைத் தொட்டுக் கேட்க வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக மூடிப் புருவத்தைத் தூக்கினால் 'முடிஞ்சுதா?' என்று அர்த்தம். அவள் தலையாட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். பத்து வயதில் ஒரு பண்ருட்டிப் பலாச்சுளைக்காக அவளோடு சண்டை. சண்டையில் அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் அவள் வாங்கி வைத்திருந்த சுளையையும் தின்றேன். அம்மா என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். "அவ வாயப் பொத்துறியாடா நீ? பொத்துவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். ஆகவே, லைட்டை அணைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா சிதம்பரம் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஜாக்கெட் தைக்கிறாள். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும், பேச்சே தேவையில்லாத தொழில். வாசலில் பெல்லை அழுத்தினால் உள்ளே தையல் மிஷினுக்கு மேலே ஒரு பல்பு எரியும். காலேஜ் படிக்கும்போது நான் மாட்டிக்கொடுத்தது அது. அன்று தெருவே வந்து பார்த்தது, நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி நின்றேன்.

நான் கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன் பக்கம் குடியிருக்கிறேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலையில் போய் அவளைக் காரில் அழைத்து வருவேன். என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இருட்டும் நேரத்தில் கிளம்பிக் கொண்டுபோய் விடுவேன். ஒரு மணி நேரப் பயணம். இருட்டில் கை தெரியாது, அதனால் வழியெல்லாம் பேச்சில்லை. அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவள் பக்கத்துக் கதவைத் திறந்ததும் மேலே லைட் எரியும். அங்கேதான் எங்கள் பேச்சு. ஒரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு, பாதி வழியில் வரும் புதுச்சத்திரத்திலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுவாள்.

வீட்டுக்குள் போய்ப் பேசலாமே என்று கேட்கலாம். உள்ளே போனால் காபி போடுவாள், தைத்ததைக் காட்டுவாள், ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் நான் இன்ஜினை அணைக்காமல் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். இப்படிப்பட்ட தம்பி நான்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு. என் மச்சான் குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. சாப்பிடும்போது மச்சான் ஏதோ சொன்னான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தானும் கொஞ்சம் சிரித்துவைத்தாள். பிறகு என் முழங்கையைத் தட்டி 'என்னா?' என்று கேட்டாள். 'ஒண்ணுமில்ல, அப்பறம் சொல்றேன்' என்று கையைக் காட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அந்த 'அப்பறம்' வரவேயில்லை. அந்த ஜோக் என்னவென்று இன்று எனக்கே ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் வண்டியை நிறுத்தியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். கடலூருக்கே வந்துவிடு, தனியாக இருக்காதே, கேஸ் கசிந்தால் சத்தம் கேட்குமா, திருடன் வந்தால் தெரியுமா என்று. எல்லாம் நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேண்டும். அவள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் இந்தப் போக்குவரத்து மிச்சம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பையை மடியில் இறக்கிக் கையைக் காலியாக்கிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். 'வரேன். ஆனா உன்னை ஒண்ணு கேக்கணும். அம்மா இருந்தப்போ...' என்று எங்கேயோ போனாள். நிதானமாக, விரல் விரலாக, எதையோ சுற்றி வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் கதவு பாதி தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஹாரன் கேட்காது, கை நிற்கவில்லை. ஆட்டோக்காரர் "யோவ், வண்டிய எடுய்யா!" என்று கத்தினார். மறுநாளைக்குள் திருத்த வேண்டிய தேர்வுத்தாள் கட்டு வீட்டில் காத்திருந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு நிமிஷம் பொறு என்று அவளுக்கு ஒரு சைகை காட்டியிருந்தால் போதும். நான் கையை மேலே நீட்டி லைட்டைத் தள்ளி அணைத்தேன்.

அவள் கைகள் நெஞ்சுக்கு முன்னால் அப்படியே நின்றன. தெருவிளக்கு தூரத்தில் இருந்தது, உருவம் மட்டும் தெரிந்தது. எனக்கே திடுக்கென்று ஆகிவிட்டது. உடனே அவள் முகத்துக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய் மேலே காட்டி, விரித்து, 'பல்பு போயிடுச்சு' என்றேன். அவள் பையைத் தடவி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டு தடவை அழைத்து வந்து விட்டேன். லைட்டை நான் திரும்பப் போடவில்லை. போட்டால் பொய் வெளியாகிவிடும் அல்லவா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. 'பல்பு மாத்தலியா?' என்று பகலில் கேட்டாள். 'மாத்தினேன், அதுவும் போயிடுச்சு' என்றேன். வாசலில் வண்டி நின்றதும் அவளே இறங்கிக்கொள்வாள். நான் அரை மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வந்துவிடுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது தடவை அவள் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தாள். கடையில் புதிதாக வாங்கியிருந்தாள், அட்டை கூடப் பிரிக்கவில்லை. அட்டையைப் பிரித்து எரியவிட்டு, என் கைகளின் மேல் அடித்தாள். ஒரு கையில் டார்ச் இருந்தால் அவளால் பேச முடியாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன! இருக்கிற வெளிச்சத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வட்ட வெளிச்சத்தில் என் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் கிடந்தன. 'போயிட்டு வரேன்' என்று மட்டும் சொன்னேன்.

வீடு வந்து சேருவதற்குள் என்னை நானே கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டேன். தெருவில் வண்டியை நிறுத்தியதுமே லைட்டின் சுவிட்சை நடுவில் தள்ளினேன். நடுவில் இருந்தால்தான் கதவைத் திறக்கும்போது எரியும். கதவைத் திறந்தேன். எரியவில்லை. அடுத்த பக்கத்துக் கதவையும் திறந்தேன். அதற்கும் எரியவில்லை. சாத்தினேன், திறந்தேன், ஓங்கிச் சாத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என் பொய்யை அந்த வண்டி கேட்டுக்கொண்டிருந்து நிஜமாக்கிவிட்டது போல இருந்தது. மனைவி வாசலுக்கு வந்து, "ஏங்க, கதவ கழட்டி வீட்டுக்குள்ள எடுத்தாரப் போறீங்களா?" என்று கேட்டாள்.

நல்லவேளை, இனி பொய்யில்லை என்று ஒரு கணம் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். மனசு எவ்வளவு கேவலமான வக்கீல்!

அடுத்த முறை காலையில் அழைக்கப் போனபோது, லைட் எரியவே மாட்டேன் என்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறி, காட்டுமன்னார்கோயில் ரோட்டைக் காட்டினாள். அங்கே ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை. தகரக் கொட்டகை, வாசலில் பழைய பேட்டரிகள். அவர் மனைவிக்கு அக்காதான் ஜாக்கெட் தைக்கிறாளாம். மனுஷருக்கு நாற்பது வயதிருக்கும். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தார். அவள் முகத்துக்கு நேராக நின்று, உதட்டைப் பார்த்து அவள் புரிந்துகொள்ளும்படி வாயை நன்றாகத் திறந்து, "வாங்கக்கா. வண்டிக்கு என்னா?" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"எந்த டோர் தொறந்தாலும் எரியலியா சார்?"

"ஆமா. பல்புதான் சரியில்லன்னு நெனைக்கிறேன்" என்றேன். இயற்பியல் வாத்தியார் சொல்கிற பேச்சா இது! அக்கா பார்த்துக்கொண்டிருந்தாளே, வேறு என்ன சொல்வது?

அவர் உள்ளே தலையை விட்டு சுவிட்சை, கதவு சாத்தியிருந்தாலும் எரிகிற ஓரத்துக்குத் தள்ளினார். லைட் பளிச்சென்று எரிந்தது. மூடியைக் கழற்றி பல்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டு அடி நகர்ந்து அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் வாயை அவள் பார்க்கக் கூடாது என்பதற்காக. தெரிந்தே செய்தேன்.

அக்கா அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். ஐம்பது வருஷமாக மனிதர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பழகியவள். அவளுக்கு நானும் இன்னொரு முதுகு.

"பல்பு ஜம்முன்னு இருக்குது சார்" என்றவர், அவள் பார்ப்பதைக் கவனித்து, அவள் பக்கம் திரும்பி பல்பைத் தூக்கிக் காட்டினார். "அக்கா, இது வண்டியோட வந்த பல்பு. ஒரு தடவ கூட மாத்தல. நல்லா இருக்குது." மாற்றுவதைக் கையாலும் நடித்துக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, அழுகையில்லை. காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து மெதுவாகச் சொறிந்துகொண்டாள். எலக்ட்ரீசியன் பார்த்திருந்தால் ஏதோ கொசு கடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு அந்தக் கொட்டகை அப்படியே தலையில் இறங்கினால் தேவலாம் என்றிருந்தது.

அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். கதவு சாத்தும் இடத்தில், வண்டியின் உடம்பில், விரல் நுனி அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. கதவு சாத்தியிருந்தால் அது உள்ளே அமுங்கிக் கிடக்கும். திறந்தால் வெளியே வரும், வண்டியின் உடம்பு வழியாக லைட்டுக்கு எர்த் கிடைத்து மின்சுற்று முழுமையாகும், எரியும். அவர் திருகைக் கழற்றி அதை வெளியே இழுத்தார். செம்மண்ணில் புரட்டி எடுத்தது மாதிரி இருந்தது.

"கடலூரா சார்? வெளியதான நிறுத்துறீங்க? கடக்காத்து, துரு புடிச்சிக்கிச்சு. எர்த்தே போவல. ரெண்டு பக்கமும் இதே கததான். லைட்டு எரியிதான்னு தெனம் பாத்துக்கினு இருந்திருந்தா முன்னயே தெரிஞ்சிருக்கும்."

"பாக்கல" என்றேன். அன்று நான் எதையும் ஒளிக்காமல் சொன்ன முதல் உண்மை.

அவர் உப்புத்தாளை மடித்துத் துருவைத் தேய்த்தார். அக்கா அந்தப் புது டார்ச்சை எடுத்து அவருக்குப் பிடித்தாள். திருகு உட்காரும் இடத்தைச் சுரண்டியதும் உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்சம் கிரீஸ் தடவி, திரும்ப முடுக்கினார். அடுத்த பக்கமும் அதே வேலை. அரை மணி நேரம் ஆகவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "நீங்க அமுக்கிப் பாருங்க" என்றார். அவள் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினாள், விட்டாள். லைட் அணைந்தது, எரிந்தது. சிரித்துவிட்டாள். ஏழெட்டு தடவை செய்து பார்த்தாள். நான் பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று கடலூரில் சாப்பிடும்போது அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். டிவியில் வந்ததைக் கையால் சொல்ல முயன்றேன். பாதி சைகைகள் மறந்துபோயிருந்தன, நாலு சொல்லுக்கு ஒரு சொல் முட்டியது. மகள் போனிலிருந்து நிமிர்ந்து, "அப்பா, என்னா டான்ஸ் ஆடுறீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு அவள் வாசலில் நிறுத்தினேன். இந்த முறை இன்ஜினையும் அணைத்தேன். அவள் கதவைத் திறந்தாள். லைட் எரிந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தெருவில் வைத்து, வழக்கம்போல உட்கார்ந்தாள். ஆனால் பேசவில்லை.

நான் பேசினேன். 'அன்னைக்குப் பல்பு போவல. நான்தான் அணைச்சேன். மாத்தினேன்னு சொன்னதும் பொய்.' சைகையில் பொய் என்று சொல்ல என் காதுக்குப் பின்னால் நானே சொறிந்துகொள்ள வேண்டியிருந்தது. 'தப்பு. பெரிய தப்பு. அம்மா இருந்திருந்தா வெளுத்திருப்பா.'

அவள் தலையாட்டினாள். 'உன் கை மேல போனத அன்னைக்கே பாத்தேன். காது ரெண்டும் போச்சு, கண்ணு போவலியே. பதறிப் போயி அணைச்சிட்டான், அடுத்த தடவ சொல்லுவான்னு இருந்தேன்.'

'அன்னைக்கு என்னமோ கேக்கணும்னியே. என்னாது?'

அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் விடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். பிடித்துக்கொண்டால் அவளால் பேச முடியாது என்று உறைத்ததும் விட்டேன்.

'அம்மா இருந்தப்போ, யார் சிரிச்சாலும் எதுக்குன்னு அம்மா எனக்குச் சொல்லிடும். சோத்த அப்படியே வச்சிட்டுச் சொல்லும். உன் வூட்டுக்கு வந்துட்டா, நீ சொல்லுவியான்னு கேக்க வந்தேன். நான் பேசிக்கினு இருந்தா முடிக்கிற வரைக்கும் பாப்பியான்னு கேக்க வந்தேன்.' மேலே எரியும் லைட்டைக் காட்டினாள். 'கேக்கறதுக்குள்ள நீ பதில் சொல்லிட்ட.'

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் அந்த ஹெட்லைட் வெளிச்சம் தெரிந்தது. தெருவை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்துகொண்டு பையை எடுத்தாள்.

இறங்கும் முன் என் தோளைத் தொட்டாள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக மூடி, புருவத்தைத் தூக்கினாள். முடிஞ்சுதா?

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் காத்திருந்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஒரு சைகைக்காக என் இரண்டு கைகளையும் தூக்கினேன், அவை நெஞ்சுக்கு முன்னால் அப்படியே நின்றன. அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினாள். லைட் அணைந்தது.